இருட்டுக்குக் காத்திராதீர்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

தொலைநோக்கி கையில் கிடைத்தவர்கள் நன்றாக இருட்டட்டும் என்று காத்திருப்பது வழக்கம். எங்கள் சடையங்குப்பத்தில் அப்படிக் காத்திருந்தால் பொழுதே விடிந்துவிடும். மேற்கே மணலி ஆலைகளின் விளக்குகள். தெற்கே திருவொற்றியூரும் அதற்கப்பால் துறைமுகமும். இந்த வெளிச்சத்தினூடே ஆண்ட்ரமீடா அண்டத்தை ஒரு மாதம் தேடினேன். கிடைத்தது கொசுக்கடிதான். அதன் பிறகே, இருட்டு வேண்டாத பொருள்களும் வானில் உண்டு என்பதும், அவற்றுட் சில அந்தி ஒளியிலேயே சிறப்பாகத் தெரியும் என்பதும் விளங்கின.

அண்டங்களும் ஒண்முகிற்படலங்களும் பரந்து மங்கியவை. வானம் சற்று வெளுத்தாலே அதில் கரைந்துவிடும். கோள்களும் பிரகாசமான விண்மீன்களும் கரைவதில்லை. மாறாக, வெள்ளியை எடுத்துக்கொள்வோம். கறுத்த வானில் அதைக் கருவியில் பார்த்தால் கண் கூசும், வடிவம் புலப்படாது. சூரியன் மறைந்த பத்தாவது நிமிடத்தில் பார்த்தாலோ வெளிர்நீலத் தாளில் வெட்டி ஒட்டியதுபோல் அதன் பிறை நிற்கும். வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு 1610இல் கலீலியோ கண்ட சான்று இந்தப் பிறைதான். பூமியை நெருங்க நெருங்கப் பிறை மெலியும், உருவமோ பெருக்கும். தொலைவில் 10 விகலையாக இருந்த விட்டம் அருகில் 60 விகலையாகிவிடும். எதிர்வீட்டு அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது நிலாதானே?" என்றார். அன்று அமாவாசை!

நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழிறங்குவதால் அந்தி நீடிப்பதில்லை. மறைந்து 22 நிமிடத்தில் தெருவிளக்குத் தேவைப்படும்; ஒன்றேகால் மணிக்குள் அந்தி முற்றும் அடங்கும். ஆகவே முன்னேற்பாடு வேண்டும். வெளுத்த வானில் கோளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அதற்கு நான் கையாளும் வழி இது: முதல்நாள் ஏழு மணிக்கு, ஒரே இடத்தில் நின்று, வெள்ளி எந்தத் தென்னைக்கு மேல் நிற்கிறது என்று குறித்துக்கொள்வேன். மறுநாள் 40 நிமிடம் முன்னதாகப் பார்த்தால் அது 10 பாகை மேலே, சற்றே இடப்புறம் இருக்கும். நீட்டிய கையின் மூடிய முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. உருப்பெருக்கம் குறைந்த கண்ணருகு வில்லையைப் பொருத்தி, தொலைவிலுள்ள புகைபோக்கியின் நுனியில் முன்கூட்டியே குவியப்படுத்திவிட வேண்டும். குவியம் தவறினால் கோள் எதிரே நின்றாலும் தெரியாது. சூரியன் முழுதும் மறையுமுன் கருவியை மேற்கே திருப்பவே கூடாது. கண் போய்விடும்.

வெயிலில் காய்ந்த மொட்டைமாடி அந்தியில் அனலை உமிழும், பிம்பம் நடுங்கும். மண் தரையே மேல்.

வியாழனின் பட்டைகளும் அந்தியில் கூச்சமின்றித் தெரியும். இரட்டை விண்மீன்களில், மே மாத அந்தியில் சிம்மத்தின் ஆல்ஜீபா தலைக்கு மேலே நிற்கும், பொன்னிறமான இணை. ஆனால் நமக்கு உரிமையோடு சொல்லிக்கொள்ளத்தக்கது ஆல்பா செந்தாரி. அது ஒன்றல்ல, இரண்டு என்று 1689 டிசம்பரில் கண்டவர் ரிஷோ என்னும் இயேசு சபைப் பாதிரியார். வால்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டார். கண்ட இடம் ஐரோப்பா அன்று, நம் புதுச்சேரி! லண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ அந்த விண்மீன் தெரியவே தெரியாது.

ஜூலையில் மேகம் விலகும் மாலைகளில், சூரியன் மறைந்து அரைமணி கழித்து நேர் தெற்கே பாருங்கள். துறைமுக வெளிச்சத்துக்கு மேல் ஒன்றரை முஷ்டி உயரத்தில் இரண்டு ஒளிமிக்க மீன்கள் தோன்றும். இடப்புறம் இருப்பதே அது. நம் துறையின் இரண்டரை அங்குலக் கருவியே அதைப் பிரித்துக் காட்டும்.