கௌரியம்மாவும் நிலச் சட்டமும்

கேரளத்தில் அப்போது நிலம் ஒருவருக்கு, உழைப்பு வேறொருவருக்கு. நிலக்காரர் "போ" என்றால் போக வேண்டும். குடிசையும் அவர் நிலத்தில்தானே!

1957 தேர்தலில் வென்ற கே.ஆர். கௌரியம்மா வருவாய்த் துறை அமைச்சர் ஆனார். அவர் வழக்கறிஞர். நிலச் சட்டம் எழுதி முடிக்க நாளாகும். அதற்குள் நிலக்காரர்கள் குத்தகைதாரர்களை விரட்டிவிட்டால்? பதவியேற்ற ஆறே நாளில் அவசரச் சட்டம் வந்தது. யாரையும் வெளியேற்றக் கூடாது!

1959இல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. 1967இல் கௌரியம்மா மீண்டும் அதே துறைக்கு வந்தார். விட்ட வேலையைத் தொடர்ந்தார். 1969இல் சட்டம் நிறைவேறியது. 1970 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது அவர் அமைச்சராக இல்லை. ஆனால் குத்தகை முறை ஒழிந்தது. கிராமத்துக் குடிசைவாசிகள் 10 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ள உரிமை பெற்றார்கள்.

1994இல் கட்சி அவரை நீக்கியது. தனிக் கட்சி தொடங்கி, 2001இல் மீண்டும் அமைச்சரானார். 2021இல், 101 வயதில் காலமானார்.