நர்ஸிங் சேர்ந்திருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

சாகுபுரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கமிருந்து இந்த வருஷம் நர்ஸிங் சேர்ந்திருக்கும் பிள்ளைகளா, வார்டிலேயே தலை நரைத்தவள் சொல்கிறேன். பாதியில் படிப்பை விட்டவர்களில் மக்குப் பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் புழுங்கியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

1. வீட்டு நினைப்பு வரும், வெட்கப்படாதீர்கள். போன் பேச ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நேரம் வையுங்கள். வாராவாரம் ஊருக்கு ஓடினால் ஹாஸ்டல் கடைசிவரை அந்நியமாகவே இருக்கும். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் அதே அழுகைதான். அவளோடு சேர்ந்து சாப்பிடப் போங்கள்.

2. முதல் செமஸ்டரிலேயே அனாடமி, பிசியாலஜி, சைக்காலஜி, சோசியாலஜி எல்லாம் வந்து நிற்கும். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு மலைப்பாக இருக்கும். புரியவில்லை என்றால் அன்றைக்கே மேடத்திடம் கேளுங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் கேட்டுப் பயனில்லை.

3. நல்ல சீனியர் அக்கா ஒருத்தரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டு எழுதும் முறையும், எந்த வார்டில் என்ன கேட்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். மிரட்டுகிற சீனியரைப் பொறுத்துப்போக வேண்டாம். தமிழ்நாட்டில் ராகிங் 1997 முதல் சட்டப்படி குற்றம்.

4. வார்டுக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ரத்தம் பார்த்துத் தலை சுற்றினால், "சிஸ்டர், மயக்கமா வருது" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். எங்களுக்கும் சுற்றியதுதான்.

5. நோயாளியிடம் ஊரையும் தொழிலையும் கேளுங்கள். உப்பளத்தில் நின்று கால் வெடித்தவரின் பாடு புத்தகத்தைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நம்ம பேச்சில் நாலு வார்த்தை பேசுங்கள்; அவர் முகம் தெளியும், உங்கள் பயமும் போகும்.

6. பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். கையில் குத்திவிட்டால் பிழியாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே பொறுப்பு சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் 2 மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது. திட்டுக்குப் பயந்து மறைப்பதுதான் ஆபத்து.

7. தியரிக்கு 80 சதவீத வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். ஆனால் பட்டம் வாங்க, வார்டு போஸ்டிங்கை முழுசாக முடித்திருக்க வேண்டும். காய்ச்சலோ மாதவிடாய் வலியோ, முன்கூட்டிச் சொல்லி லீவு எடுங்கள். விட்ட நாளை அப்போதே ஈடுசெய்யுங்கள்.

8. தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் போனால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

9. இது பெற்றவர்களுக்கு. பிள்ளை போனில் அழுதால் "வந்துரு" என்றும் சொல்லாதீர்கள், "அழாதே" என்று அதட்டவும் செய்யாதீர்கள். "சாப்பிட்டியா? இதை அங்க யார்கிட்ட சொன்ன?" என்று கேளுங்கள். யாரிடமும் சொல்லவில்லை என்றால், நாளைக்கு யாரிடம் சொல்லலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டுப் போனை வையுங்கள்.