அடிமை வாணிகமும் எளிய மக்களும்

பரிசு கருதிக் கட்டுரை வரைந்து, பரிசு பெற்றபின் பொருளை மறந்துவிடுதல் மாணவராகிய நம்மிடை இயல்பே. அங்ஙனம் மறவாத மாணவர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

1785-ஆம் ஆண்டில், 'ஒருவரை அவர் விருப்பிற்கு மாறாக அடிமையாக்குதல் முறையாமோ?' என்னும் பொருள்பற்றி இலத்தீன் மொழியிற் கட்டுரை எழுதிக் கேம்பிரிட்ஜில் முதற்பரிசு பெற்றார் தாமஸ் கிளார்க்சன். பின்னர் இலண்டனுக்குக் குதிரைமீது செல்லுங்கால், 'யாம் எழுதியது மெய்யாயின், இக்கொடுமையை ஒழிக்க ஒருவர் முற்படல் வேண்டுமன்றோ?' என்னும் எண்ணம் அவரை வாட்ட, குதிரையினின்றும் இறங்கி வழியோரத்தே அமர்ந்துவிட்டார்.

1787 மே 22-ஆம் நாள் அவரும் பதினொருவரும் இலண்டனில் ஓர் அச்சுக்கூடத்திற் கூடிச் சங்கம் ஒன்று நிறுவினர். அப்பன்னிருவருள் ஒன்பதின்மர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ வகுப்பினர். கிளார்க்சன் துறைமுகந்தோறும் சென்று மாலுமிகளிடம் சான்று திரட்டினார். அடிமைகளுக்குப் பூட்டும் விலங்குகளையும் கடைகளில் வாங்கிவந்து காட்டினார். 'புரூக்ஸ்' என்னும் கப்பலில் மக்கள் நெருக்கி அடுக்கப்பட்டவாற்றைக் காட்டும் படம் நாடெங்கும் பரவிற்று. சட்டம் 454 பேரை ஏற்ற இசைந்த அக்கப்பல், முன்னர் 609 பேரை ஏற்றிச் சென்றதாம். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒலாடா ஈக்வியானோ 1789-இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டு, ஊர்தோறும் சென்று உரையாற்றினார்.

எனினும், 1791-இல் வில்பர்போர்ஸ் கொணர்ந்த தீர்மானம் காமன்ஸ் சபையில் 88-க்கு 163 என்னும் வாக்குகளால் தோல்வியுற்றது. இனி மக்கள் யாது செய்வர்? பெண்டிர்க்கும் தொழிலாளருள் மிகப் பலர்க்கும் வாக்குரிமை இல்லை. மான்செஸ்டர் போன்ற பெருநகர்க்கும் தனிப் பிரதிநிதி இல்லை. ஆயினும், உண்பதை விலக்க எவர் இசைவும் வேண்டுவதின்று. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைத்த சருக்கரையே அந்நாட்டு மேசைகளை நிரப்பிற்று. வாரம் 5 பவுண்டு சருக்கரை நுகரும் குடும்பம் 21 மாதம் அதனைத் தவிர்ப்பின் ஒரு மனிதனை அடிமைத்தனத்தினின்றோ கொலையினின்றோ காக்கலாம் என்று வில்லியம் பாக்ஸ் எழுதிய சிறு பிரசுரம் கணக்கிட்டது. ஏறத்தாழ 3,00,000 மக்கள் சருக்கரையைத் துறந்தனர் என மதிப்பிட்டார் கிளார்க்சன். அடுக்களையை ஆண்ட பெண்டிரே இதில் முன்னின்றனர். 1792-இல் 519 விண்ணப்பங்கள் பார்லிமெண்டை அடைந்தன. அவற்றிற் கையொப்பமிட்டோர் ஏறக்குறைய 3,90,000 பேர்.

அவ்வாண்டும் வெற்றி கிட்டவில்லை. காமன்ஸ் சபை 'படிப்படியாக ஒழிப்போம்' என்றது. பிரபுக்கள் சபை காலந்தாழ்த்தியது. பிரான்சுடன் போரும் மூண்டது. இறுதியில் 1807 மார்ச்சு 25-ஆம் நாளே வாணிகத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. அதனாலும் அடிமைகள் விடுதலை பெற்றிலர். விடுதலைச் சட்டம் 1833-இல் வந்தபோது, உடையவர்க்கு 2 கோடிப் பவுன் ஈடாக அளிக்கப்பட்டது. உழைத்தவர்க்கு ஒரு காசும் இல்லை. இக்குறையை மறைத்து வெற்றியை மட்டும் புகழ்தல் நேர்மையன்று.

கிளார்க்சனின் கட்டுரைக்கும் 1807-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் இடையே 22 ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைக்காலத்தே சருக்கரையை விலக்கினோரும் கையொப்பமிட்டோரும் பெரும்பாலும் பெயர் அறியப்படாதவர். நாமும் ஆண்டுதோறும் நீதியைப்பற்றிக் கட்டுரைகள் எழுதுகின்றோம். எழுதியது மெய்யாயின், அதன்பின் நாம் செய்யவேண்டுவது யாது என்று நம்மை நாமே வினவுவோமாக.