பாட்டியார் பிணைத்த இழை

(குடும்பத்தோடு வாசிக்க: அர்ச். சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம், முதல் அதிகாரம், 5-ம் வசனம்)



அர்ச். சின்னப்பர் சிறையிலிருந்து தம் ஞானப்பிள்ளையாகிய திமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய கபடற்ற விசுவாசத்தை நினைத்து மகிழ்கிறார். அந்த விசுவாசம் எங்கிருந்து வந்தது? முதலில் பாட்டி லோயிசிடம் குடியிருந்தது. பிறகு தாய் யூனிக்கேயிடம். அதன் பிறகே மகனிடம் வந்தது என்கிறார். ஒரு சாதாரணப் பாட்டியின் பெயர் இப்படித்தான் வேதபுத்தகத்தில் ஏறிற்று.

சூலை மாதம் பாட்டிமாரை நினைக்க ஏற்ற மாதம். 26-ந் தேதி தேவமாதாவின் பெற்றோராகிய அர்ச். சுவக்கீன், அர்ச். அன்னம்மாள் திருநாள். அத்தேதியை ஒட்டிவரும் நான்காம் ஞாயிற்றுக்கிழமையைப் பாட்டன் பாட்டிமாருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக, காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ல் ஏற்படுத்தினார். 28-ந் தேதியோ அர்ச். அல்போன்சம்மாள் திருநாள். இந்தப் புண்ணியவதியின் வரலாற்றிலும் ஒரு பாட்டியார் உண்டு.

தாயில்லாப் பிள்ளையை வளர்த்தவர்

அல்போன்சம்மாள் 1910 ஆகஸ்ட் 19-ல் கேரளத்தில் கோட்டயத்தை அடுத்த குடமாளூரில் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் அன்னா; வீட்டார் அன்னக்குட்டி என்று அழைத்தார்கள். பிறந்து மூன்றாம் மாதமே தாய் இறந்துபோனாள். தாய்முகம் அறியாத குழந்தை தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தது. அந்தப் பாட்டியார் பக்தியுள்ளவர், ஏழைகளிடம் இரக்கமுள்ளவர். விசுவாசத்தின் மகிழ்ச்சி, செபத்தில் ஆசை, ஏழைகள்மேல் அன்பு ஆகிய மூன்றையும் பேத்தியின் நெஞ்சில் ஊன்றினார்.

ஐந்து வயதில் அன்னக்குட்டி வீட்டாரின் மாலைச் செபத்தை முன்நின்று சொல்லுவாள். பெரியவர்கள் இருக்க, சிறுபிள்ளை செபம் நடத்தியது எப்படி? பெரியவர்கள் இடங்கொடுத்தார்கள், அதனால் நடந்தது. 1917 நவம்பர் 11-ல் புதுநன்மை வாங்கினாள். 1920-ல் ஆரம்பப் படிப்பு முடிந்ததும், முட்டுச்சிறையில் சிற்றன்னை வீட்டுக்குப் போய்விட்டாள். பாட்டியாருக்குக் கிடைத்த காலம் அவ்வளவுதான்.

ஆனால் அது வீண்போகவில்லை. பின்னாளில் பரணங்கானத்தில் கிளாரம்மாள் சபைக் கன்னியராகி, நெடுநாள் நோயைப் பொறுமையோடு சகித்து, 1946 சூலை 28-ல் தமது 35-ம் வயதில் மரித்தார். 2008 அக்டோபர் 12-ல் பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். இந்தியப் பெண்களில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. பாட்டியாருக்குப் பீடமில்லை, திருநாளுமில்லை. பேத்தியே அவருக்குச் சாட்சி.

தறி சொல்லும் பாடம்

காஞ்சிபுரத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு பாவு தீரும்போது தறியில் நிற்கும் பழைய இழைகளின் நுனியோடு புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாய்ப் பிணைக்கிறோம். ஆயிரக்கணக்கான இழைகள், அவசரப்பட்டால் ஆகாது. ஓர் இழை விட்டுப்போனாலும் சேலையில் கோடு விழும். பழைய பாவு முழுதும் அறுந்துபோன பிறகு பிணைப்பதற்கு நுனி ஏது?

விசுவாசமும் அப்படியே. ஞானோபதேச வகுப்பு வாரத்துக்கு ஒருமணி நேரம். மற்ற நாளெல்லாம் பிள்ளை வீட்டிலே இருக்கிறது. குடும்பத்தை வீட்டுத் திருச்சபை என்று 2-ம் வத்திக்கான் சங்கம் 1964-ல் போதித்தது இதனால்தான். இன்று தகப்பன் இரவு ஷிப்டு, தாய் பகல் வேலை, பிள்ளை கையில் செல்போன். பாட்டியோ, “என் காலம் முடிந்தது” என்று மூலையில் தனியே செபமாலை உருட்டுகிறாள். இரண்டு பாவும் ஒரே வீட்டில் இருக்கின்றன, பிணைப்பார்தான் இல்லை.

யார் யார் செய்யவேண்டியது

பாட்டிமாரே, “எழுத்து வாசனையில்லாத நான் என்ன கற்பிப்பேன்?” என்று தயங்காதீர்கள். சிலுவை அடையாளம் போட ஒரு பிஞ்சுக் கையைப் பிடித்து நடத்துவதற்குப் படிப்பு வேண்டாம். கோபித்து மிரட்டிச் செபம் சொல்லவைக்காதீர்கள். அன்னக்குட்டி பெற்றது விசுவாசத்தின் மகிழ்ச்சி என்பதை மறவாதிருங்கள்.

தாய் தகப்பன்மாரே, பாட்டி இருக்கிறாள் என்று உங்கள் கடமையை அவள் தலையில் ஏற்றிவிடாதீர்கள். லோயிசுக்கும் திமோத்தேயுவுக்கும் நடுவில் யூனிக்கே நின்றாள். நடு இழை அறுந்தால் மற்ற இரண்டும் சேரா.

பிள்ளைகளே, பாட்டி ஒரே கதையைப் பத்துத்தரம் சொன்னாலும் முகஞ்சுளிக்காமல் கேளுங்கள். அவள் மரித்த பின் அந்தக் கதைக்காக ஏங்குவீர்கள்.

இந்த வாரத் தீர்மானம்

1. ஒருநாளாவது வீட்டார் எல்லாரும் கூடி 53 மணிச் செபமாலை சொல்லவும். ஒரு தேவரகசியத்தை வீட்டின் கடைக்குட்டி தொடங்கட்டும்.

2. உலை வைக்குமுன் ஒருபிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பழைய வழக்கத்தைப் புதுப்பிக்கவும். அந்தப் பிடியைப் பிள்ளையின் கையால் போடச்செய்து, வார முடிவில் பிள்ளையையே அழைத்துப்போய் ஓர் ஏழை வீட்டில் கொடுக்கவும்.

3. பாட்டி மரித்திருந்தால், அவளுக்காக ஒரு பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொல்லி, அவள் செய்த ஒரு நற்செயலைப் பிள்ளைகளுக்குச் சொல்லவும்.

4. தெருவில் தனியே வாழும் ஒரு முதியவரைக் கண்டுவரவும். கிறீஸ்தவரா, பிறமதத்தாரா என்று பார்க்கவேண்டாம்.

அர்ச். அன்னம்மாளே, எங்கள் வீட்டுப் பெரியோர்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.

உங்கள் பங்குக்குரு