கோப்புச் சர்வரின் காவல்

ஓரியந்திரத்தினின்று மற்றோரியந்திரத்திற்குக் கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. முறையை 1971-ஆம் ஆண்டில் முதன்முதல் வகுத்தெழுதியவர் அபய் பூஷண் என்னும் இந்தியர். அந்நாளில் வலையிற் புழங்கியோர் மிகச் சிலர். ஆதலின் கடவுச்சொல் மறைப்பின்றியே சென்றது. இன்று அது தகாது. மறைகுறியாற் காக்கப்பட்ட எஸ்.எஃப்.டி.பி.யையே நாம் கைக்கொள்ளல் வேண்டும்.

எனினும் வழியை மறைத்தல் மட்டும் போதுமோ? தன் கட்டுரையை வைக்க வந்த மாணவன், பிறர் மதிப்பெண் ஏட்டையும் புரட்டுவானாயின் என் செய்வது? அவனுக்குக் கட்டளையிடும் ஷெல் வேண்டுவதில்லை. ஓபன் எஸ்.எஸ்.எச். அமைப்பில் 'ஃபோர்ஸ்கமாண்ட்' என்னும் விதியால் அவனைக் கோப்பு மாற்றும் பணிக்கே உரியவனாக்கி, 'சிஎச்ரூட் டைரக்டரி' என்னும் விதியால் ஓரடைவினுள் நிறுத்தலாம். அதற்கு மேற்பட்டது அவன் கண்ணிற்படாது.

புதியோர் இடறுமிடம் ஒன்றுண்டு. அவ்வடைவும் அதன் மேலடைவுகள் யாவும் 'ரூட்' என்னும் தலைமைக் கணக்கிற்கே உடைமையாதல் வேண்டும்; பிறர் எவர்க்கேனும் அங்கே எழுதும் உரிமை இருப்பின், சர்வர் இணைப்பையே மறுத்துவிடும். தன்னை அடைத்த மதிலைத் தானே திருத்தவல்லவனுக்கு மதில் எதற்கு? இஃதறியாது, மறுப்பைக் கண்டு சினந்து உரிமைகளை மேலும் தளர்த்துவாரும் உளர். தளர்த்துவதால் மறுப்பு நீங்காது. உள்ளே சிற்றடைவொன்று அமைத்து, அதில் மட்டும் மாணவனுக்கு எழுதும் உரிமை அளித்தால் போதும்.