பாத்திரம் அறிந்து பிச்சையிடு



"பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்னும் பழமொழியை நாம் எப்பொழுது சொல்லுகிறோம் என்று கவனித்ததுண்டா? பெரும்பாலும் கொடாமல் இருக்கும்பொழுதுதான் அது நம் வாயில் வருகிறது. இவன் குடிப்பான், அவள் ஏமாற்றுவாள், கொடுத்துப் பழக்கினால் சோம்பேறிகள் ஆவார்கள் என்று சொல்லிக் கையை மடக்கிக்கொள்ளுகிறோம். அந்தப் பழமொழியின் சரியான பொருள் யாது? இதற்கு நம் நாட்டுச் சரித்திரமே ஒரு பாடம் தருகிறது.

மணவூர் வழியாக ஓடும் ரயில் பாதை, 1856-ம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அதுவே. இருபது ஆண்டுகள் கழித்து, 1876-ல் மழை பொய்த்தது. நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லி நடுங்கியது அதைத்தான். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய தானியம் ரயிலில் உள்நாட்டுக்குப் போயிற்று. ஆயினும் 1878-க்குள் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள்.

அக்காலத்தில் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பிய அதிகாரி ஸர் ரிச்சர்ட் டெம்பிள். அவர் கல்நெஞ்சர் என்று நினைக்க வேண்டாம். 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபொழுது, பர்மாவிலிருந்து ஏராளமான அரிசியைத் தருவித்துத் தாராளமாய்க் கொடுத்தவர் அவரே. அங்கே பட்டினிச் சாவு மிகக் குறைவு. ஆனால் அவருக்குக் கிடைத்தது புகழன்று; பணத்தை வீணாக்கினார் என்ற ஏச்சுத்தான். மூன்று ஆண்டுகளுக்குப் பின் சென்னைக்கு வந்தபொழுது, சிக்கனம் செய்யும்படி கட்டளையும் பெற்று வந்தார். 1877-ல், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். அதை உண்டு நாள் முழுதும் வெயிலில் மண் வெட்ட வேண்டும்!

சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். உழைக்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், காய்கறியும் பருப்பும் சேர வேண்டும் என்று வாதாடினார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சென்னை அரசாங்கம் பாதி வழி இறங்கி வந்து, படியை ஒன்றேகால் ராத்தலாக உயர்த்திக் கொஞ்சம் பருப்பும் சேர்த்தது.

இருவரும் கற்றவர்கள், இருவரும் ஒரே ஜனங்களைப் பற்றியே பேசினார்கள். ஒருவர் எவ்வளவு குறைவாய்க் கொடுத்தால் தகும் என்று கணக்கிட்டார். மற்றவர் அந்த உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டார். பாத்திரத்தை அறிந்தவர் யார் என்று நீங்களே தீர்மானியுங்கள்.

அன்பர்களே, டெம்பிளுக்கு வந்த சோதனை நமக்கும் வருவதுண்டு. ஒரு முறை மனமிரங்கிக் கொடுத்தோம், அயலார் சிரித்தார்கள், அடுத்த முறை கை சுருங்குகிறது. ஏமாற்றுவோர் உலகில் உண்டு என்பது மெய்தான். ஆனால் அதை அறியும் வழி, வாசலில் நின்று சந்தேகப்படுவதன்று. வீடு தேடிப் போய்ப் பார்ப்பதே. 1833-ல் பாரிஸ் நகரில், இருபது வயது மாணவர் ஓசானாமும் அவருடைய தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இந்த வழியையே பின்பற்றிற்று. உதவி கேட்போரைத் தங்களிடம் வரச் சொல்லாமல், அவர்களே ஏழைகளின் வீட்டுப் படியேறினார்கள்.

போய்ப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். முழங்கால் வலியால் நடக்க மாட்டாத ஒரு கிழவிக்கு ரேஷன் கடையில் இலவச அரிசி உண்டு. அதை வாங்கி வந்து கொடுக்கத்தான் ஆள் இல்லை. அவளுக்கு இன்னொரு படி அரிசி அளந்து என்ன பயன்? மாதம் ஒரு முறை அவள் பையைச் சுமந்து வரும் பையனே அவளுக்குப் பெரிய தர்மம் செய்கிறவன். அதற்குக் காசும் வேண்டியதில்லை. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் மெச்சினார் அல்லவா?

ஆகையால் பாத்திரம் அறிவது என்றால், அது எவ்வளவு வெறுமையாய் இருக்கிறது, எதனால் நிரம்பும் என்று அறிவதாகும்.

இவ்வாரம் வீட்டில் ஆலோசிக்க:

1. நம் தெருவில் கேட்கக் கூச்சப்பட்டு இருப்பவர் யார்?

2. யாருடைய ஏளனத்துக்குப் பயந்து நாம் கொடுப்பதை நிறுத்தினோம்?

3. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நாம் போய்ப் பார்க்க வேண்டிய ஒரு வீடு எது?

மூன்றாம் கேள்விக்கு விடை கண்டவர்கள் தாமதியாமல் புறப்படுவார்களாக.