சார்ஜர் சுடுதா? கொஞ்சம் கவனியுங்க!

உங்கள் பிள்ளை மணிக்கணக்காக லேப்டாப்பில் கேம்ஸ் ஆடுகிறானா? மகள் ராத்திரி வெகுநேரம் ஆபீஸ் வேலை பார்க்கிறாளா? அந்த நேரத்தில் சார்ஜரைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகவே சுடும். 'ஐயோ, கெட்டுப்போச்சு' என்று பதற வேண்டாம். 'எப்பவும் சுடுறதுதானே' என்று மெத்தையில் போட்டு வைக்கவும் வேண்டாம்!

ஏன் சுடுகிறது?

பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏ.சி. கரண்ட். லேப்டாப்புக்கு வேண்டியதோ சுமார் 20 வோல்ட் டி.சி. இப்படி மாற்றும்போது கொஞ்சம் கரண்ட் சூடாக வீணாகிறது. 65 வாட் சார்ஜர் 90 சதவிகிதம் திறமையாக வேலை செய்தாலும், சுமார் 7 வாட் சூடாகத்தான் வெளியேறும். மூடிய டப்பாவுக்குள் சின்ன பல்பு ஒன்று எரிவது மாதிரி! பாட்டரியும் ஏற வேண்டும், கேம்ஸும் ஓட வேண்டும் என்றால் சார்ஜருக்கு முழு உழைப்பு, முழு சூடு.

இந்தச் சூடு மேஜை மேல் இருந்தால் காற்றில் கலந்துவிடும். தலையணை, போர்வைக்கு அடியில் மாட்டிக்கொண்டால்? வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும்.

உடம்புக்கு என்ன ஆபத்து?

44 டிகிரி என்பது குளிக்கிற வெந்நீர் சூடுதான். ஆனால் அதுவே ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் பட்டால் தோல் வெந்துவிடும். விழித்திருப்பவர் காலை இழுத்துக்கொள்வார். அசந்து தூங்குகிற குழந்தை? பல வருஷமாகச் சர்க்கரை வியாதி இருந்து, பாதம் மரத்துப்போன தாத்தா? அவருக்குச் சுடுவதே தெரியாது. காலையில் கொப்புளம், பிறகு ஆறாத புண்!

தினமும் லேப்டாப்பை மடியிலேயே வைப்பவர்களுக்குத் தொடையில் வலைபோல் பழுப்புத் தழும்பு வருவதும் உண்டு.

என்ன செய்யணும்?

* சார்ஜரைத் தரையிலோ மேஜையிலோ காற்றுப்பட வையுங்கள். படுக்கையில் வேண்டவே வேண்டாம்.

* தூங்கப் போகும்முன் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள்.

* புது சார்ஜர் வாங்கினால் பழையதில் போட்டிருக்கும் அதே வோல்ட். ஆம்பியர் குறையக் கூடாது. பி.ஐ.எஸ். முத்திரையும் பாருங்கள்.

* கை வைக்க முடியாத சூடு, கருகல் வாடை, உப்பிய டப்பா, உரிந்த ஒயர்... இதில் ஒன்று இருந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். டேப் சுற்றி ஓட்டாதீர்கள்.

சுட்டுவிட்டால்?

குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சர்க்கரை நோயாளியின் காலில் பட்டது என்றால், 'சின்னக் காயம்தானே' என்று விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.